பெரிய நாய்க்குப் பொறாமையா, நாம கொடுத்த செல்லமா?

மடிப்பாக்கம்_மாடிவீடு:
எங்க லேப்ராடர் புரூனோ இத்தனை நாள் சாது. தெருவிலிருந்து சின்னுங்கற குட்டியை எடுத்துட்டு வந்ததிலிருந்து ஒரே அழிச்சாட்டியம். குட்டியைத் தடவினா நடுவுல மூக்கை நுழைச்சு என் கையைத் தள்ளுறான். நேத்து சோபாவுல உறுமல் வேற. "மூத்தவனுக்கு முதல்ல சோறு வை, இல்லேன்னா பொறாமையில குட்டியைக் கடிச்சிருவான்"னு அம்மா சொல்றாங்க. சரியா?

அயனாவரம்_அண்ணாச்சி:
அம்மா சொல்றதைக் கேளுங்க. நாய்க்கு வரிசை முக்கியம். ஊர்ல எங்க ராஜபாளையம் சாப்பிட்டு நகர்ற வரைக்கும் மத்தது தட்டுப் பக்கமே வராது. வீட்டுக்கு ஒரு தலைவன்தான்.

திருவான்மியூர்_தீபா:
அண்ணாச்சி, அந்தத் தலைவன் கதை 1947-ல ருடால்ஃப் ஷெங்கெல்ங்கற விலங்கு ஆய்வாளர் அடைச்சுவெச்ச ஓநாய்களைப் பார்த்து எழுதினதிலிருந்து வந்தது. காட்டு ஓநாய்க் கூட்டம்னா பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைங்கதான்னு ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-லயே எழுதிட்டார். புரூனோவுக்குப் பொறாமையும் இல்ல, பதவி ஆசையும் இல்ல. மூக்கை நுழைச்சா நீங்க "டேய் புரூனோ"ன்னு திரும்புறீங்க. திட்டுனாலும் அவனுக்கு அது கவனிப்புதான்.

போரூர்_புத்தகப்புழு:
தீபா மேடம், பொறாமையே இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க? 2014-ல அமெரிக்காவுல சான் டியேகோவுல உளவியல் ஆய்வாளர் கிறிஸ்டின் ஹாரிஸ் குழு 36 நாய்களை வெச்சுப் பார்த்தாங்க. உரிமையாளர் பொம்மை நாயைக் கொஞ்சினப்போ முக்கால்வாசி நாய்ங்க வந்து அவரை முட்டித் தள்ளுச்சு. புத்தகம் படிச்சப்போ கால்வாசிகூட இல்ல. வெறும் கவனிப்புதான் வேணும்னா புத்தகத்தையும் தள்ளியிருக்கணுமே?

திருவான்மியூர்_தீபா:
அது குரைச்சு வாலாட்டுற பொம்மை. புதுசா ஒண்ணு வீட்டுக்குள்ள குரைச்சா எந்த நாயும் ஓடிவரும்.

போரூர்_புத்தகப்புழு:
அதுக்கும் பதில் வந்தாச்சு. 2021-ல நியூசிலாந்து ஆக்லாந்துல உரிமையாளர் கொஞ்சுறதையே தடுப்புக்குப் பின்னால மறைச்சாங்க. அங்க பொம்மை நாய் இருக்குன்னு தெரிஞ்சப்போ, வெறும் துணி உருளையைத் தடவினதைவிட பலமா நாய்ங்க தங்களைக் கட்டியிருந்த கயித்தை இழுத்துச்சுங்க. 18 நாய்தான், ஒத்துக்கறேன்.
அண்ணாச்சிக்கு ஒண்ணு: 2008-ல வியன்னாவுல ரெண்டு நாயைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கை கொடுக்கச் சொன்னாங்க. பக்கத்து நாய்க்குத் தீனி கொடுத்துட்டு இதுக்குக் கொடுக்காம விட்டா, இது கை கொடுக்கறதையே நிறுத்திடுச்சு. ஆனா ஒண்ணுக்கு ரொட்டி, இன்னொண்ணுக்குக் கறின்னா அதைக் கண்டுக்கல. ரெண்டுக்கும் கிடைச்சாப் போதும்.

அயனாவரம்_அண்ணாச்சி:
வியன்னா நாய் ரொட்டிக்குச் சும்மா இருக்கும். நம்ம ஊர் நாய் முன்னாடி கோழிக்கறியை வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க.

திருவான்மியூர்_தீபா:
பேர் எதுவா வேணா இருக்கட்டும். எனக்குக் கவலை அந்த உறுமல்தான். திட்டி அடக்காதீங்க. அது எச்சரிக்கை, வாயை அடைச்சா அடுத்த தடவை உறுமாம கடிக்கும். கொஞ்ச நாளைக்கு சோபா ரெண்டுக்குமே வேண்டாம். குட்டியைத் தடவும்போது புரூனோ நாலடி தள்ளிப் படுத்திருந்தா அவனுக்கு ஒரு துண்டு தீனி போடுங்க. குட்டி பக்கத்துல இருந்தா தனக்கும் லாபம்னு புரியட்டும். சாது நாய் திடீர்னு உறுமினா இடுப்பு வலியாகூட இருக்கலாம், லேப்ராடருக்கு அது சகஜம். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடுங்க. சாப்பாடு தனித்தனி ரூம்ல.

மடிப்பாக்கம்_மாடிவீடு:
எங்களுது ஒரே பெட்ரூம்.

திருவான்மியூர்_தீபா:
ஒண்ணு உள்ள, ஒண்ணு ஹால்ல. நடுவுல கதவைச் சாத்துங்க.

அயனாவரம்_அண்ணாச்சி:
சரி, முதல் தட்டு யாருக்கு? அதுக்கு மட்டும் பதிலே வரல.

திருவான்மியூர்_தீபா:
எது அமைதியா உட்கார்ந்து காத்திருக்கோ அதுக்கு.

மடிப்பாக்கம்_மாடிவீடு:
மேடம், ரெண்டுமே உட்காராது.