எல்.கே.ஜி. நோட்டு காலியாக இருக்கிறதே என்று பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது?

எல்.கே.ஜி. டீச்சர், திருப்பூர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மாதத்திலிருந்து ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. எடுக்கிறேன். 26 பிள்ளைகள், மூன்றரை வயதிலிருந்து நான்கரை வரை. பெரும்பாலும் அப்பா அம்மா இருவரும் பனியன் கம்பெனிக்குப் போகிற வீடுகள்.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது விளையாட்டு வழிக் கற்றல்தான். அதை நம்பித்தான் இந்த வேலைக்கே வந்தேன். வகுப்பில் ஒரு மூலையில் மணல் தட்டு, இன்னொரு மூலையில் சொப்புச் சாமான், புளியங்கொட்டை. ஒரு பிள்ளையின் அப்பா மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொடுத்த காலி நூல் கோன்களும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அதுதான் உயிர். காலையில் வந்ததும் கோபுரம் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

போன வாரம் ஒரு அம்மா வாசலில் நின்றபடியே நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மூணு மாசம் ஆச்சு டீச்சர், நாலு கோடு நோட்டுல ஒரு பக்கம்கூட முடியல. பக்கத்து வீட்டுப் பொண்ணு இசட் வரைக்கும் எழுதுது. விளையாடுறதுக்கு வீட்டிலேயே விட்டிருப்போமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் அதிகம் வலித்தது. ஓவர்டைம் பார்த்துக் கட்டிய ஃபீஸ் என்று எனக்குத் தெரியும். அன்று எனக்கு வாயே வரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து தினமும் ஒரு பக்கம் எழுத வைக்க வேண்டும் என்று மேடமும் சொல்லிவிட்டார்.

பெற்றோருக்கு இதை எப்படி விளக்குகிறீர்கள்? இன்னொன்றும் கேட்க வேண்டும். கோனை அடுக்கி இடிக்கிற பிள்ளை நிஜமாகவே கற்கிறதா, இல்லை நான் சும்மா விட்டுவிட்டேனா என்பது எனக்கே எப்படித் தெரியும்?

அங்கன்வாடிப் பணியாளர், ஒட்டன்சத்திரம் பக்கம்

டீச்சர், உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். 24 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். அந்தச் சந்தேகம் எனக்கும் பல நாள் வந்திருக்கிறது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு வீடே காய்கறிச் சந்தைதான். அப்பா லோடு ஏற்றுவார், அம்மா காய் தரம் பிரிப்பார். அதனால் எதை எடுத்துக் கொடுத்தாலும் ஏலம் விட்டு விளையாடுவார்கள். ஒரு பையன் தினமும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கத்துவான். இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாளும் அதே கத்தல், அதே ஆட்டம். அன்று மத்தியானம் இரண்டு கொட்டாங்குச்சியில் ஓட்டை போட்டு, சணலில் கட்டி, ஒரு குச்சியில் தராசாகத் தொங்கவிட்டேன். பக்கத்தில் காய்ந்த பீர்க்கங்காய்க் கூடு ஒன்று, உள்ளங்கையில் அடங்குகிற கல் ஒன்று, கொஞ்சம் காய்கள். வேறு எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் வந்தான். பீர்க்கங்கூடு பெரிசு, அதுதான் கனம் என்று அடித்துப் பேசினான். ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் கல்லையும் வைத்தான். கல் கீழே போய்விட்டது. என்னைப் பார்த்தான். நான் கீரை ஆய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். தராசு சரியில்லை என்று நினைத்தானோ என்னவோ, இரண்டையும் தட்டு மாற்றி வைத்தான். அப்போதும் கல்தான் இறங்கியது. மூன்று தடவை மாற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே கையை விட்டு நாரைத் தொட்டு, "இது வெறும் கூடு" என்றான். நான்கு வயது. தராசின் மேல் சந்தேகம் வந்தால் தட்டை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நீங்கள் சும்மா விட்டுவிட்டீர்களா என்பதைக் கண்டுபிடிக்க நான் பார்ப்பது ஒன்றுதான்: இன்றைய ஆட்டம் நேற்றைய ஆட்டத்திலிருந்து கொஞ்சமாவது மாறியிருக்கிறதா? கோன் கோபுரம் ஒரு வாரமாக அதே உயரம், அதே இடி என்றால் நீங்கள் உள்ளே ஏதாவது வைக்க வேண்டும். ஒரு அட்டைப் பலகை வையுங்கள், பாலமாகும். ஒரு பொம்மை வையுங்கள், வீடாகும். "இது உன் தோள் வரைக்கும் வருமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து கேள்வியாகக் கேட்டால் அது பரீட்சையாகிவிடும், பிள்ளை எழுந்து போய்விடும். பொருளைப் போட்டுவிட்டுப் பெரியவர்கள் செல்போன் பார்ப்பதற்குப் பெயர் விளையாட்டு வழிக் கற்றல் கிடையாது. இதில் டீச்சருக்கு வேலை அதிகம். நான் ஒரு 80 பக்க நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நான்கு பிள்ளைகளை மட்டும் கவனித்து ஆளுக்கு ஒரு வரி எழுதுவேன். ஒரு வாரத்தில் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

அடுத்து எழுத்து. எழுதவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கை தயாராக வேண்டும். மொச்சை உரிப்பது, ஈரத்துணி பிழிவது, களிமண் உருட்டுவது, கோலமாவைக் கிள்ளி இழுப்பது எல்லாம் விரலுக்கு வேலைதான். அப்புறம் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் சொல்வேன். மான்டிசோரி அம்மையார் 1939ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார் என்றும், இந்த உப்புத்தாள் எழுத்து அவர் முறை என்றும் எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். நான் அ-வில் தொடங்குவதில்லை. அது சுழி உள்ள எழுத்து, பெரியவர்களுக்கே வளைக்க நேரமாகும். ட, ப இரண்டும் நேர்கோடு. "ப" வந்த அன்று பிள்ளை சுவரெல்லாம் "ப" போடும்.

பெற்றோர் விஷயம். எங்களைச் சத்துமாவு கொடுக்கிறவர்கள் என்றுதான் ஊரில் நினைப்பார்கள். 1975ல் ஐ.சி.டி.எஸ். (அங்கன்வாடிகளை நடத்துகிற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்) தொடங்கியபோதே அதன் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. இதை வாயால் சொல்லி யாரையும் நம்பவைக்க என்னால் முடிந்ததில்லை. சந்தை லீவு நாளில் அம்மாக்களைக் கூப்பிட்டுச் சுவரோரமாக உட்காரவைத்தேன். பிள்ளையோடு பேசக்கூடாது, பார்க்க மட்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் போதும். அதோடு வாசலில் ஒரு சிலேட்டு மாட்டி, தினமும் நடந்ததை எழுதுங்கள். "சந்தை விளையாட்டு. ஐந்து வரை எண்ணினோம். எது கனம் என்று பார்த்தோம்." கூட்டிப்போக வருகிறவர்கள் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார்கள்.

ஒரு அப்பா, கோவை

நான் மறுபக்கம் பேசுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மகன் இரண்டு வருடம் ஒரு பிளே ஸ்கூலில் இருந்தான். அறை நிறைய பிளாஸ்டிக் பொம்மை. எப்போது போய்ப் பார்த்தாலும் விளையாடிக்கொண்டிருப்பான், சந்தோஷமாகத்தான் இருந்தான். ஒன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்த்தோம். முதல் மாதத்திலேயே ஆங்கிலத்தில் டிக்டேஷன். தினமும் இரவு அழுகை. பின்லாந்தில் ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு என்று சொல்கிறார்கள், சரி. ஆனால் இங்கே ஒன்றாம் வகுப்பு யாருக்காகவும் காத்திருப்பதில்லையே? நோட்டைப் புரட்டிய அந்த அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியர், அரசு தொடக்கப் பள்ளி, விழுப்புரம் மாவட்டம்

சார், உங்கள் மகனுக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறது. அந்த இரண்டு வருடத்தில் அவனைக் கவனித்து ஒரு டீச்சர் அடுத்த பொருளை எடுத்து வைத்தாரா என்று யோசித்துப் பாருங்கள். மேலே அக்கா சொன்ன வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ஜூன் மாதம் என் வகுப்புக்கு வருகிறவர்களில் இரண்டு வகையையும் பார்க்கிறேன். ஒன்றிலிருந்து நூறு வரை மளமளவென்று எழுதுகிற பிள்ளையிடம் "ஏழு குச்சி எடுத்துத் தா" என்றால் ஒரு கை நிறைய அள்ளித் தருகிறது. எழுத்து தெரியாமல் வந்த இன்னொரு பிள்ளை ஏழை எண்ணித் தந்துவிட்டு, "இன்னும் மூணு குடுத்தா பத்து" என்கிறது. இரண்டாவது பிள்ளைக்கு எழுதக் கற்றுக்கொடுக்க எனக்குச் சில மாதம் போதும். முதல் பிள்ளைக்கு எண் என்றால் என்ன என்று புரியவைக்க அதைவிட அதிக நாள் பிடிக்கிறது, ஏனென்றால் தனக்குத் தெரியும் என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது.

அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பும் மாறித்தான் இருக்கிறது. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில வருடங்களில் மாநிலம் முழுக்க வந்தது. பாயில் வட்டமாக உட்கார்ந்து அட்டை எடுத்துப் படிப்பார்கள், பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை இருக்கும். 2022லிருந்து "எண்ணும் எழுத்தும்" என்ற திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டு, பொம்மலாட்டம், கதை வழியாகத்தான் நடத்துகிறோம்.

ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி பள்ளிகளும் இருக்கின்றன, அதை மறைக்க முடியாது. அங்கே போகப்போகிற பிள்ளை என்றால் யு.கே.ஜி.யின் பின்பாதியில் எழுத்து வரட்டும். தன் பெயர், அம்மா பெயர், ஒலி கேட்டு எழுத்தைக் காட்டுவது. திருப்பூர் டீச்சர், மூன்றரை வயதுக்கு மட்டும் இது வேண்டாம் என்று மேடத்திடம் கெஞ்சியாவது பாருங்கள்.

தொழில்வழிச் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்), மதுரை

கை பற்றி ஒரு சின்னக் குறிப்பு. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது எட்டுமே குருத்தெலும்புதான். வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக இறுகும். விரல் தசைகளும் அப்படித்தான் மெதுவாக வலுப்பெறும். மூன்று விரலால் பென்சிலைச் சரியாகப் பிடிப்பது பலருக்கு நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் வருகிறது. அதற்கு முன்பே பக்கம் பக்கமாக எழுத வைத்தால் பிள்ளை முஷ்டியால் பிடித்து, தோளால் தள்ளி எழுதும். பிறகு அந்தப் பிடியை மாற்றத்தான் என்னிடம் கூட்டி வருகிறார்கள். தோள் பலமாக இருந்தால்தான் விரல் நிதானமாகும். ஆகவே தொங்குவதும் ஏறுவதும் தவழ்வதும் எழுத்துப் பயிற்சியில் சேர்த்திதான்.

எல்.கே.ஜி. டீச்சர், திருப்பூர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக ஒட்டன்சத்திரம் அக்காவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் பெற்றோரைக் கூப்பிட்டேன். 11 பேர் வந்தார்கள். சுவரோரம் பார்க்க மட்டும் என்று சொல்லியும் கோன் கொண்டுவந்த அந்த அப்பாவால் உட்கார முடியவில்லை, குடோனில் அடுக்குகிற மாதிரி அடுக்கிக் காட்டப் போய்விட்டார். அவர் மகனே, "கீழ அகலமா வச்சாத்தான்ப்பா நிக்கும்" என்று அவரைத் திருத்தினான்.

நோட்டைப் புரட்டிய அம்மாவும் வந்திருந்தார். அவர் மகள் மூன்று பொம்மைகளுக்குப் புளியங்கொட்டையில் சோறு பரிமாறினாள். மொத்தம் ஏழு. முதல் இரண்டுக்கும் மூன்று மூன்று வைத்ததில் கடைசிப் பொம்மைக்கு ஒன்றுதான் மிஞ்சியது. கொஞ்ச நேரம் பார்த்தாள். முதல் பொம்மையிடமிருந்து ஒன்றை எடுத்துக் கடைசிக்கு வைத்தாள். இப்போது நடுப்பொம்மைக்கு மட்டும் ஒன்று கூட. அதை எடுத்துக்கொண்டு வந்து, "இது டீச்சருக்கு" என்று என் கையில் கொடுத்தாள். அந்த அம்மா உடனே எதுவும் சொல்லவில்லை. போகும்போது, "இது வகுத்தல் கணக்குத்தானே டீச்சர்?" என்றார். அப்புறம், "எழுத்தையும் விட்டுடாதீங்க" என்றார். ட, ப உப்புத்தாள் எழுத்துகளைக் காட்டினேன்.

மேடம் பொங்கல் வரைக்கும் டைம் கொடுத்திருக்கிறார். சிலேட்டு மாட்டிவிட்டேன்.

ஒரு உதவி வேண்டும் அக்கா. நேற்று ஒரு பையன் புளியங்கொட்டையை மூக்கு வரைக்கும் கொண்டுபோய்விட்டான். நல்லவேளை, பார்த்துவிட்டேன். கொட்டைக்குப் பதில் என்ன வைக்கலாம்?

அங்கன்வாடிப் பணியாளர், ஒட்டன்சத்திரம் பக்கம்

உடனே எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் கீழே வரட்டும், எடுக்கும்போதும் வைக்கும்போதும் எண்ணுங்கள். மற்ற நேரத்துக்குப் பிள்ளை வாய்க்குள் போகாத அளவுப் பொருள்தான் நல்லது. நான் கொட்டாங்குச்சியை ஓரம் தேய்த்து வைத்திருக்கிறேன், காய்ந்த சோளக்கட்டையும் இருக்கிறது. உங்கள் ஊரில் அந்தக் கோனே போதுமே. ஏழு கோன், மூன்று பொம்மை. அந்தப் பொண்ணு அதில் என்ன செய்கிறாள் என்று பார்த்து எழுதுங்கள் டீச்சர்.