ஜிசிசி 10 நிறுவிய பிறகும் சிமேக் பழைய கம்பைலரையே எடுக்கிறது, உதவி தேவை

பள்ளிக்கரணை_மாணவி:
வணக்கம். சென்னையில் முதுகலை படிக்கிறேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு மழைநீர் எந்தெந்த வழியில் வந்து சேர்கிறது என்று கணக்கிடும் சி++ நிரல் ஒன்றை மூலக்குறியீட்டிலிருந்து பில்ட் செய்ய (ஓடும் நிரலாக மாற்ற) வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். ஆய்வகக் கணினியில் உபுண்டு 20.04. நிரல் சி++20 கேட்கிறது. பில்டை நடத்தும் மேக் கருவி ஓடும்போது 'கான்செப்ட்ஸ்' என்ற ஹெடர் கோப்பு இல்லை என்று நின்றுவிடுகிறது.

ஜிசிசி கம்பைலரின் 10-ஆம் பதிப்பான ஜிசிசி-10 பேக்கேஜ் நிறுவி, சிசி என்ற சூழல் மாறியில் அதைக் கொடுத்து, புது பில்ட் டைரக்டரியில்தான் சிமேக் (மேக்குக்கான கோப்புகளைத் தயார்செய்யும் கருவி) ஓட்டினேன். வந்த வரிகள்: சி கம்பைலர் 10, சிஎக்ஸ்எக்ஸ் கம்பைலர் 9.4.0. ஏன் இப்படி?

தரமணி_லினக்ஸ்:
அந்த இரண்டு வரிகளிலேயே பதில் இருக்கிறது. சிசி மாறி சி மொழிக்கு மட்டும்தான். சி++ கோப்புகளுக்கு சிஎக்ஸ்எக்ஸ் என்ற தனி மாறி. அது காலியாக இருந்தால் சிமேக் கணினியில் 'சி++' என்ற பெயரில் உள்ள கம்பைலரைத் தேடி எடுத்துக்கொள்ளும். உபுண்டு 20.04-இல் அது ஜிசிசியின் சி++ கம்பைலரான ஜி++ 9. கான்செப்ட்ஸ் ஹெடர் ஜிசிசி 10-இல்தான் வந்தது, அதனால்தான் அந்தப் பிழை.

இன்னொன்று: உபுண்டுவில் ஜிசிசி-10 வேறு பேக்கேஜ், ஜி++-10 வேறு பேக்கேஜ். இரண்டாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அம்பத்தூர்_டெவ்:
இவ்வளவு எதற்கு? அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் கட்டளையால் 10-ஐயே இயல்புநிலை ஆக்கிவிடுங்கள், முடிந்தது.

தரமணி_லினக்ஸ்:
சொந்த லேப்டாப் என்றால் கூட யோசிப்பேன். பலர் பயன்படுத்தும் ஆய்வகக் கணினியில் தயவுசெய்து வேண்டாம். அது எல்லாருக்கும் கம்பைலரை மாற்றிவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு அப்டேட் வரும்போது கிராபிக்ஸ் டிரைவர் மாட்யூல்கள் அங்கேயே பில்ட் ஆகும், அப்போது கர்னல் வேறு கம்பைலரில் கட்டப்பட்டது என்று தகராறு வரலாம். ஒரு புராஜெக்ட்டுக்குத் தேவையானதை அந்த புராஜெக்ட்டிலேயே சொல்வதுதான் நல்லது.

பள்ளிக்கரணை_மாணவி:
நன்றி அண்ணா. ஜி++-10 இல்லைதான், இப்போது போட்டாயிற்று. சிஎக்ஸ்எக்ஸ் மாறியும் கொடுத்து, அதே டைரக்டரியில் சிமேக்கை மறுபடி ஓட்டினேன். அதே பிழை. இந்த முறை கம்பைலர் வரிகளே திரையில் வரவில்லை.

தரமணி_லினக்ஸ்:
வராது. முதல் ஓட்டத்திலேயே கம்பைலரின் முழுப் பாதையை சிமேக்கேஷ் என்ற உரைக்கோப்பில் எழுதி வைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு சூழல் மாறியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தக் கோப்பைத் திறந்து சிமேக்_சிஎக்ஸ்எக்ஸ்_கம்பைலர் வரியைப் பாருங்கள், பழைய பாதைதான் இருக்கும்.

பில்ட் டைரக்டரியை அப்படியே நீக்கிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள். சிமேக் 3.24 முதல் இதற்கென்றே 'ஃப்ரெஷ்' என்ற விருப்பம் உண்டு, ஆனால் உபுண்டு 20.04-இல் வருவது 3.16. ஓடி முடிந்ததும் கேஷில் அதே வரியை மறுபடி பாருங்கள். என்ன கட்டளை கொடுத்தோம் என்பதைவிட அங்கே என்ன பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் நான் எப்போதும் நம்புவேன். சிமேக்குக்குப் பதில் பழைய பாணி கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் என்றால் கன்ஃபிக்.லாக் கோப்பைப் பார்ப்பேன்.

பள்ளிக்கரணை_மாணவி:
இப்போது 10 என்று வருகிறது, முக்கியப் பகுதி முழுக்கக் கம்பைல் ஆகிவிட்டது! ஆனால் கூடவே வரும் ஒரு சின்ன லைப்ரரிக்கு சிமேக் கிடையாது, கையால் எழுதிய மேக்ஃபைல் (மேக்குக்கான கட்டளைக் கோப்பு) மட்டும். அங்கே மறுபடி ஜி++ 9.

கொளத்தூர்_சி:
அந்த மேக்ஃபைலின் ஆரம்பத்தில் சிஎக்ஸ்எக்ஸ் = ஜி++ என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். மேக்ஃபைலில் எழுதியது சூழல் மாறியை மீறும். ஆனால் மேக் கட்டளை வரியிலேயே கொடுப்பது மேக்ஃபைலையும் மீறும். அதனால் கோப்பைத் திருத்த வேண்டாம்: மேக் என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு சிஎக்ஸ்எக்ஸ்=ஜி++-10 என்று கொடுங்கள். அதற்கு முன் மேக் கிளீன் அவசியம். கம்பைலர் மாறியது மேக்குக்குத் தெரியாது, கோப்பின் நேரத்தை மட்டும்தான் பார்க்கும், ஏற்கனவே கம்பைல் ஆன பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை அப்படியே விட்டுவிடும்.

அப்புறம், நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளையைப் போட்டு பில்ட் செய்யாதீர்கள். சூடோ பொதுவாக உங்கள் சூழல் மாறிகளைக் கழற்றிவிட்டுத்தான் ஓடும். பில்ட் உங்கள் பெயரில், இன்ஸ்டால் மட்டும் சூடோவில்.

பள்ளிக்கரணை_மாணவி:
எல்லாம் பில்ட் ஆகிவிட்டது, சோதனைகளும் ஓடின. இருவருக்கும் மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: துறையில் சென்ட்ஓஎஸ் 7 ஓடும் பெரிய சர்வர் இருக்கிறது. இதே பைனரியை அங்கே நகலெடுத்தால் போதுமா?

தரமணி_லினக்ஸ்:
ஓடாது. நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி உபுண்டு 20.04-இல் 2.31, சென்ட்ஓஎஸ் 7-இல் 2.17; புதியதில் பில்ட் ஆனது பழையதில் பொதுவாக ஓடாது. அங்கேயே பில்ட் செய்ய வேண்டும், அதன் இயல்பான ஜிசிசியோ 4.8.5. சர்வரில் புதிய ஜிசிசி தரும் தொகுப்பான டெவ்டூல்செட் 10 அல்லது 11 நிறுவியிருக்கிறதா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். இருந்தால் அதை எனேபிள் செய்த ஷெல்லில், புதிய டைரக்டரியில், சிமேக்கை முதலிலிருந்து ஓட்டுங்கள். சிமேக் பதிப்பும் பழையதாக இருக்கும், அதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.