வாட்டர் ஃபுட்பிரிண்ட்: தமிழில் என்ன? (அவசரம்)

நண்பர்களுக்கு வணக்கம். மெக்சிகோவின் மெக்சிகாலி நகரில் எழுந்த பியர் ஆலை பற்றிய பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலை கெடு. கொலராடோ ஆற்றை நம்பியிருக்கும் வறண்ட ஊர் அது. அங்கே கான்ஸ்டலேஷன் பிராண்ட்ஸ் என்ற அமெரிக்க மது நிறுவனம் ஏற்றுமதி பியருக்காக ஆலை கட்டியது, உழவர்கள் எதிர்த்தார்கள். 2020 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் 76 விழுக்காட்டினர் வேண்டாம் என்றதும் வேலை நின்றது. ஆலைக்குள் செலவாகும் நீர் வேறு, பார்லி வயலிலிருந்தே எண்ணும் நீர் வேறு. இரண்டாவதைத்தான் ஆங்கிலத்தில் வாட்டர் ஃபுட்பிரிண்ட் என்கிறார்கள். அதற்கு 'மறைநீர்' போடலாமா?

ஆசிரியை:
வேண்டாம். மறைநீர், டோனி ஆலன் என்ற அறிஞரின் வர்ச்சுவல் வாட்டருக்கு, அதாவது பொருளுக்குள் மறைந்து வணிகமாகும் நீருக்கு, நிலைத்துவிட்டது. நீங்கள் கேட்பது நீரியல் அறிஞர் ஹூக்ஸ்ட்ரா 2002-ல் கொண்டுவந்த அளவு. 'நீர்த்தடம்' என்றால் என் மாணவர்களுக்கு உடனே புரிகிறது.

புலவர்:
தடம் என்பது ஆங்கிலக் காலடியின் நிழல். தமிழில் 'நீர்ச்செலவு' இருக்கிறதே! செல் என்ற வேரில் பிறந்தது செலவு, பயணமும் அதுவே. அகப்பாடல்களில் தலைவன் செலவழுங்குவதை, அதாவது பயணத்தைத் தவிர்ப்பதை, நினையுங்கள். மெக்சிகாலியில் நீர் செலவாகவும் செய்கிறது, பியராகி எல்லை தாண்டிச் செல்லவும் செய்கிறது. இரண்டையும் ஒரே சொல் தாங்கும். அப்புறம், பியர் ஆலையை 'வடிப்பாலை' என்று எழுதிவிடாதீர்கள். வடிப்பது சாராயம். பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் களியை ஆற வைத்து, அடை கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்தபின் கள் 'விளைந்த'தாக வருகிறது. ஆகவே 'விளைமதுவாலை'.

பொறியாளர்:
ஐயா, விளைமதுவாலை என்றால் எந்த உழவர் படிப்பார்? பியர் ஆலை போதும். நீர்ச்செலவு ஆபத்தான சொல். ஆலைக்காரர்கள் நாள்தோறும் எழுதிவைப்பதே அதுதான்: புட்டி கழுவ, தொட்டி அலச, கொதிகலனுக்கு, குளிர்விக்க. நன்றாக நடக்கும் ஆலையில் லிட்டர் பியருக்கு மூன்று, நான்கு லிட்டரில் முடிந்துவிடும். எஸ்ஏபிமில்லர் பியர் நிறுவனமும் டபிள்யூடபிள்யூஎஃப் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் 2009-ல் வெளியிட்ட அறிக்கையில் வயலையும் சேர்த்த கணக்கு செக் நாட்டில் 45 லிட்டர், தென்னாப்பிரிக்காவில் 155. பெரும்பங்கு பயிருக்குப் போகிறது. அதே சொல்லைப் போட்டால் படிப்பவர் மூன்று லிட்டர் என்று நம்பிவிடுவார். அந்த மூன்றையே சாதனையாக விளம்பரம் செய்கிறார்கள்.

ஆசிரியை:
அப்படியானால் உள்ளே ஆவது 'ஆலைநீர்', முழுக் கணக்கு 'நீர்த்தடம்'. சரிதானே?

புலவர்:
ஆலைநீர் என்றால் கழிவுநீர் என்று தோன்றுகிறது. 'ஆலை நீர்ச்செலவு' என்று விரித்து எழுதுங்கள். நீர் தடம் பதிக்காது, தடமின்றி மறைகிறது என்பதே அந்த உழவர்களின் முறையீடு. இதில் நான் உடன்படவில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
முழுக் கணக்குக்கு நீர்த்தடம் என்றே அனுப்புகிறேன். பெரும்பாலோர் அதையே சொல்கிறீர்கள். உள்கணக்குக்கு 'ஆலை நீர்ச்செலவு'. 45, 155 இரண்டும் அடிக்குறிப்பில் வரும். பியருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸுக்கு என்ன சொல் என்று யாரும் தொடங்க வேண்டாம், இன்றைக்கு மட்டும்.

புலவர்:
ஹாப்ஸ் ஒரு கொடி. 'கசப்புக்கொடி' என்று பார்க்கலாம். நீர்த்தடத்துக்கு என் மறுப்பு அப்படியே இருக்கட்டும்.