'ஸ்டாக் ஆண்ட்ராய்டு'க்குத் தமிழ்ல என்ன? 'தூய' வேணாம்னு நெனைக்கிறேன்

எல்லாருக்கும் வணக்கம். போன் கம்பெனிங்க தங்களோடத எதுவும் சேக்காம, கூகுள் குடுத்தபடியே இருக்கற ஆண்ட்ராய்டைத்தான் ஸ்டாக் ஆண்ட்ராய்டுங்கறாங்க. அதுக்கு 'தூய ஆண்ட்ராய்டு'ன்னு வைக்கலாம்னு போன மடல்ல ஒருத்தர் எழுதியிருந்தாரு, எனக்கு அதுல உடன்பாடு இல்லங்க.

மொதல்ல 'ஸ்டாக்'ங்கறதே நம்ம ஆளுங்களுக்கு வேற அர்த்தம். போன வாரம் சிங்கப்பூர் தேக்காவுல ஒரு கடையில "அண்ணே, ஸ்டாக் ஆண்ட்ராய்டு போன் இருக்கா"ன்னு கேட்டேன், "எல்லா மாடலும் ஸ்டாக் இருக்கு தம்பி, எது வேணும்"னாரு. அவர் மேல தப்பே இல்ல. இன்னொரு எடத்துல 'பங்கு ஆண்ட்ராய்டு'ன்னு போட்டிருந்ததையும் பாத்தேன், படிச்சா பங்குச்சந்தை சமாச்சாரம் மாதிரி இருக்கு. சொல்லைப் பெயர்க்காம பொருளைப் பாத்து வைக்கணும்.

'வெறும்'னு சொன்னா நம்ம ஊருக்குப் புரியும், உள்ள ஒண்ணும் வெக்காத வெறும் பரோட்டாவ 'பிராட்டா கோசோங்'னு கேக்கறோமே, அது மாதிரி. ஆனா கூகுள் வெளியிடுற மூலநிரலை மட்டும் எடுத்தா அதுல பிளே ஸ்டோர் கூட கெடையாது, அதுதான் நெசமான கோசோங். நாம ஸ்டாக்னு கைகாட்டுறது கூகுளோட சொந்த போனான பிக்சலை, அது 2016ல வந்ததுலேர்ந்தே கூகுள் தன்னோட லாஞ்சர் (முகப்புத் திரையைக் காட்டுற செயலி), கேமரானு சேத்துதான் குடுக்குது, அதுவும் மேல போட்டு வந்ததுதான்.

'தூய'ன்னு வெச்சா மத்த கம்பெனிங்க மாத்திக் குடுக்கறதெல்லாம் கலப்படம்னு ஆயிடும், அது நியாயமில்ல. திரையை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு செயலி ஓட்டுற வசதியை சாம்சங் 2012லயே நோட் 2ல குடுத்துடுச்சு, ஆண்ட்ராய்டுக்குள்ள அது வந்தது 2016ல, 7ஆம் பதிப்புல.

அதுக்காக தொல்லையே இல்லன்னு சொல்லல. எங்கம்மா பிரஷர் மாத்திரைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மணியடிக்க ஒரு செயலி போட்டுக் குடுத்தேன், மூணு நாள் அடிச்சுது, அப்புறம் சத்தமே இல்ல. அம்மா "அது அடிக்கலயே, அதான் நான் போடல"ன்னாங்க. தோண்டிப் பாத்தா அந்த போன் கம்பெனி சேத்த பேட்டரி சிக்கன வசதி செயலியைத் தூங்க வெச்சிருக்கு, நிறுத்துற பட்டன் நாலு திரை உள்ள கெடக்கு. கம்பெனிங்க இப்படி மேல சேக்கறத இங்கிலீஷ்ல 'ஸ்கின்'ங்கறாங்க, இத எப்படிங்க தமிழ்ல 'தோல்'னோ 'மேற்பூச்சு'ன்னோ சொல்றது? உள்ள இருக்கற நடத்தையே மாறிப்போயிருக்கே. அப்டேட் லேட்டா வர்றதும் இதனாலதான், கூகுள் விட்டதும் சிப் கம்பெனி, போன் கம்பெனினு ஒவ்வொருத்தரா தன் பாகத்தைத் தைக்கணும். 2017ல 8ஆம் பதிப்புல சிப் பக்கத்தைத் தனியாப் பிரிச்சு இந்த வேலையைக் கொறச்சாங்க.

நம்ம இலக்கணத்துல முதல்நூல், வழிநூல்னு இருக்குல்ல, முதல்நூலோட கருத்தை ஒட்டிப் போய் பின்னாடி வந்தவன் தனக்கு வேணுங்கற மாற்றத்தைச் சேத்து எழுதுறது வழிநூல். ஆண்ட்ராய்டை மாத்தி சாம்சங் குடுக்கற ஒன் யூஐ, ஷாவ்மி குடுக்கற ஹைப்பர் ஓஎஸ் எல்லாம் அச்சுக்கு அச்சா இதேதான். இதுல இகழ்ச்சியும் இல்ல புகழ்ச்சியும் இல்ல. 'முதல்வடிவம்'னா முதல் பதிப்புன்னு கொழம்பும், அதனால 'மூலவடிவம்', 'வழிவடிவம்'. பிக்சல்ல ஓடுறது மூலத்தை ஒட்டின வழிவடிவம், அம்மா கைத்தொலைபேசில ஓடுறது மூலத்தை விட்டு ரொம்ப தள்ளிப்போன வழிவடிவம், இப்படி தூரத்தையும் சேத்துச் சொல்லலாம்.

ஒண்ணு பாக்கி. வாங்கும்போது போன்ல இருந்த மென்பொருளையும் ஸ்டாக்னுதான் சொல்றாங்க, சாம்சங் போனுக்கு ஸ்டாக்னா ஒன் யூஐதான். அது வேற சங்கதி, அதுக்கு 'உடன்வந்த மென்பொருள்'னு எழுதிட்டு வரேன், கொஞ்சம் நீளமா இருக்கு. சின்னதா யாருக்காவது தோணினா எழுதுங்க.