மேல் லயம் குடும்பக் குழு, சுங்கை சிப்புட், மலேசியா: சனிக்கிழமை இரவு

தேவி: முருகேசு மாமா, நாளைக்கே பாட்டி வீட்டுச் சுவர் சுரண்டப் போறீங்களா?

முருகேசு: ஆமா. காலையில 7 மணிக்கு. அறுபதாம் கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு வாரம்தான். ஏணி யார்கிட்ட இருக்கு?

செல்வம்: ராஜி சித்தி வீட்டுல. கோவிட்டுக்கு முன்னால போனது.

ராஜி: அது எங்க ஏணி.

தேவி: அதுக்குக் கேக்கல மாமா. என் பையன் யுவன் அங்க இருக்கும்போது ஜன்னல் ஓரத்துல உரிஞ்சு நிக்கிற பெயிண்ட்ட நோண்டித் தின்றான். சுவர நக்குறான். சாமித் தட்டுல திருநீறு அள்ளி வாயில போட்டுக்கிறான். ஒரு மாசத்துக்கு மேல இருக்கும். இன்னிக்குப் பாட்டி விரல விட்டுத் தோண்டி எடுத்தாங்க.

ராஜி: திருநீறு நல்லதுதானே

செல்வம்: பக்திமான்

ராஜி: பூச்சிதான் அது. பூச்சி மருந்து குடு. எல்லாம் டிவி பாத்துக்கிட்டே சோறு ஊட்டுறதால வர்றது.

தேவி: சரோ பெரியம்மா, இருக்கீங்களா?

சரோ: இருக்கேன். எழுதிக்கிட்டு இருக்கேன்.

செல்வம்: நர்ஸ் மிஸ்ஸி எழுதுறாங்க. எல்லாரும் தண்ணி குடிச்சிட்டு வாங்க.

சரோ: தேவி, முதல்ல அவனை அடிக்காத, மொளகாய் தடவாத. ஒளிஞ்சு தின்னப் பழகிடுவான், அப்புறம் என்ன தின்னான்னே தெரியாது. 2 வயசுக்குள்ள பிள்ளைங்க கண்டதை வாயில வைக்கிறது சகஜம். அதுக்கு மேலயும் ஒரு மாசத்துக்கும் கூடத் தேடித் தேடி மண்ணு, சுண்ணாம்பு, பேப்பர், முடின்னு தின்னா அதுக்குப் பேரு பைக்கா. முதல்ல சந்தேகப்பட வேண்டியது இரும்புச்சத்து. துத்தநாகம் குறைஞ்சாலும் வரும். பேச்சு, விளையாட்டு பின்தங்குற பிள்ளைங்ககிட்ட கூடுதலாப் பாக்கலாம். ராஜி, பூச்சி நீ நெனைக்கிற மாதிரி மட்டும் இல்ல. மண்ணு தின்னா பூச்சி வரும். கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சா இரும்பு குறையும், இரும்பு குறைஞ்சா மறுபடியும் மண்ணு கேக்கும். அதனால பூச்சி மருந்து குடுக்கலாம், 2 வயசு தாண்டினவனுக்கு அல்பென்டசோல் 400 மில்லிகிராம் ஒரே தடவை. ஆனா அது மட்டும் போதாது.

ராஜி: அதத்தான் நானும் சொன்னேன்

தேவி: அவன் நல்லாத்தான் பேசுறான் பெரியம்மா.

சரோ: உன் பிள்ளையச் சொல்லல மா. டாக்டர் கேப்பாரு, அதான். திங்கக்கிழமை கிளினிக் கெசிஹாத்தான், அரசாங்க கிளினிக்குக்குப் போ. 1 வெள்ளிதான். பிள்ளையோட ரெக்கார்டு புக்கு மறக்காத. அதுக்குள்ள ஒரு தாள்ல எழுதி வை: என்ன தின்றான், எந்த நேரம், எவ்வளவு, பசியிலயா சாப்பிட்ட பிறகா. முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்புல சேமிச்ச இரும்பைக் காட்டுறது), மலச் சோதனை எல்லாம் கேளு. பெயிண்ட் தின்னான்னு வாயத் திறந்து சொல்லு. பழைய பெயிண்ட்டுல ஈயம் இருக்கலாம், சொன்னாத்தான் ரத்தத்துல ஈயம் பாக்கணும்னு டாக்டருக்குத் தோணும். 2லேர்ந்து 5 வயசு வரைக்கும் எச்பி, அதாவது ஹீமோகுளோபின், 11க்குக் கீழ போனா ரத்தசோகை. ஃபெரிட்டின் 12க்குக் கீழன்னா இரும்பு தீர்ந்துபோச்சு. காய்ச்சல் சளி இருந்தா ஃபெரிட்டின் பொய்யா ஏறிக் காட்டும், அதையும் சொல்லிடு.

முருகேசு: நாளைக்குச் சுரண்டலாமா கூடாதா?

ராஜி: எங்க வீட்டுல பேரனுக்கு வாங்கின இரும்பு சிரப் பாதி பாட்டில் இருக்கு. காலையில குடுத்து விடுறேன்.

பவி: அம்மா வேணாம்!!

பவி: தேவி அக்கா, ரெண்டு காரணம். ஒண்ணு, தாலசீமியாங்கிற பரம்பரை ரத்தக் கோளாறோட கேரியருக்கும் இரும்பு குறைஞ்ச மாதிரியே ரத்த அணு சின்னதாத்தான் தெரியும், எச்பியும் குறைவா இருக்கும். ஃபெரிட்டின் பாக்காம இரும்பு ஊத்தக்கூடாது. ரெண்டாவது, பாட்டிலுக்குப் பாட்டில் அளவு வேற. யுவன் எத்தனை கிலோ?

தேவி: 13

பவி: குறைவுன்னு உறுதியானா வழக்கமா கிலோவுக்கு 3 மில்லிகிராம் இரும்பு, ஒரு நாளைக்கு. 39 வருது. ஃபெரஸ் ஃபியூமரேட் சிரப்புல 5 மில்லிக்கு 45 மில்லிகிராம் இரும்பு உள்ளது ஒண்ணு இருக்கு, அதுல 4 மில்லி சொச்சம். சொட்டு மருந்து அதைவிடக் கெட்டியா இருக்கும். சிரப் கணக்குல அதை ஊத்தினா அளவு பல மடங்கு ஏறிடும். வீட்டுக் கரண்டி வேணாம், சிரிஞ்சுல அளங்க. குடிச்சதும் பல்லு தேச்சு விடுங்க, இல்லைன்னா கறை. மலம் கருப்பாப் போகும், பயப்படாதீங்க. பாட்டிலைப் பூட்டி வைங்க. இனிப்பா இருக்குன்னு பிள்ளை முழுசாக் குடிச்சா உயிருக்கே ஆபத்து.

செல்வம்: பவி, கறிக்கு ஆடா கோழியா, நாளைக்குள்ள சொல்லணும். கடைக்காரர் கேக்குறாரு.

ராஜி: கல்யாணத்துக்குக் கறியா? சைவம்தான்.

முருகேசு: மறுநாள் கறி. பேசியாச்சு.

ராஜி: யார்கிட்ட பேசினீங்க அண்ணே?

சரோ: சாப்பாட்டை அப்புறம் பேசுங்க. தம்பி, அந்த வீட்டுல எது எது என்ன பெயிண்ட்?

முருகேசு: சுவர் சுண்ணாம்பு. அதுல ஈயம் இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. கதவு, ஜன்னல் கட்டை, கம்பி எல்லாம் எண்ணெய் பெயிண்ட். அப்பா காலத்துப் பச்சை, அதுக்கு மேல நான் அடிச்ச பிரவுன். ஈயம் இருந்தா அந்தப் பச்சையிலதான்.

சரோ: அவன் தின்றது ஜன்னல் ஓரம். அமெரிக்காவுல வீட்டுப் பெயிண்ட்டுல ஈயத்தை 1978லயே தடை பண்ணிட்டாங்க. ஈயம் உள்ள பெயிண்ட் சில்லு லேசா இனிக்கும், பிள்ளை திரும்பத் திரும்ப அங்கயே போவான். இரும்பு குறைஞ்ச குடல் ஈயத்தை இன்னும் வேகமா இழுக்கும், ரெண்டுக்கும் உள்ள போற வழி ஒண்ணுதான். வெளிய ஒண்ணும் தெரியாது. வயித்து வலி, மலச்சிக்கல், எரிச்சல், படிப்புல மந்தம், இப்படித்தான் மெதுவா வரும். நாளைக்கு மணல்தாள் போட்டு உலர்வாத் தேய்ச்சேன்னா வீடு பூரா தூள் படியும்.

முருகேசு: அக்கா, எனக்கு இது தொழிலு. ஜன்னல்ல தண்ணி அடிச்சு நனைச்சுட்டுத்தான் சுரண்டுவேன். கீழ பிளாஸ்டிக் ஷீட், நாலு ஓரமும் டேப். கேஸ் டார்ச் கிடையாது, சூடு பண்ணா ஈயம் புகையில வரும். உரியாம கெட்டியா இருக்கிறதத் தொடவே மாட்டேன், மேல பிரைமர் அடிச்சு மூடிருவேன். சுரண்டினதை ஈரமாவே ஷீட்டோட சுருட்டிக் கட்டணும். தொடப்பம் போட்டா தூள் பறக்கும், சோப்புத் தண்ணியில துடைச்சு அப்புறம் நல்ல தண்ணியில ஒருக்கா. பையனுங்க சட்டையத் தனியாத் தொவைக்கணும்.

சரோ: ஜன்னல் திறந்து மூடுற இடத்துல கட்டையும் கட்டையும் உரசும். பெயிண்ட் அடிச்சு மூடினாலும் அங்க மறுபடி தூள் விழும்.

முருகேசு: அந்த விளிம்பு மட்டும் நனைச்சு முழுசா எடுக்கணும். அதுக்கு ரெண்டு நாள் கூட ஆகும். கூரைக்கே யாரும் காசு தரல, இதுக்கு யாரு தருவா?

ராஜி: ஆரம்பிச்சிட்டாரு

மாலா: அத்தை, ஐஸ் கட்டி நறுக் நறுக்குன்னு கடிக்கணும்னு தோணுறதும் இந்த வியாதியா?

சரோ: இரும்பு குறைஞ்சா ஐஸ் கேக்கும். பெரியவங்களுக்கும் வரும், மாசமா இருக்கிறவங்களுக்கு ரொம்பவே. ஏன் கேக்குற?

மாலா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜி: நான் படிச்சிட்டேன். எத்தனை மாசம்?

செல்வம்: சித்தி!

சரோ: செல்வம், ஃபோன் எடு.

பவி: வாழ்த்துகள் அண்ணி. சுரண்டுற வீட்டுப் பக்கம் போகாதீங்க, ஈயம் வயித்துப் பிள்ளைக்கும் போகும்.

முருகேசு: அப்போ மாலா கோலம் போட வரலியா?

தேவி: பாட்டி அவனுக்குத் தேத்தண்ணி குடுக்குறாங்க. பிஸ்கெட் தொட்டு. காலையிலயும் சாயங்காலமும்.

பவி: அதை நிறுத்தணும். டீ இரும்பைச் சேர விடாது. பால் எவ்வளவு குடிக்கிறான்?

தேவி: பாட்டில்ல அஞ்சு வேளை. ஒண்ணு 210

சரோ: ஒரு லிட்டருக்கு மேல! அங்கதான் இருக்கு விஷயம். 500 மில்லிக்கு மேல வேண்டாம். பால்ல இரும்பு கம்மி, வயித்தையும் அடைச்சிடும், சோறு இறங்காது. கோழி ஈரல் சின்னத் துண்டு வாரம் ஒரு தடவ, நெத்திலி பொடிச்சு, முட்டை, முருங்கைக்கீரை. கூடவே கொய்யாவோ எலுமிச்சையோ. மருந்து ஆரம்பிச்சா பாலுக்கும் அதுக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விடு. 4 வாரத்துல எச்பி 1 ஏறணும். ஏறலைன்னா மருந்து ஒழுங்காப் போகல, இல்ல காரணம் வேற. சரியான பிறகும் ரெண்டு மூணு மாசம் தொடரணும். திங்கிற ஆசை அதுக்கு முன்னாடியே விடும். ஆசை விட்டுச்சுன்னு மருந்தை நிறுத்தினா திரும்ப வரும்.

ராஜி: தேத்தண்ணிய அம்மாகிட்ட யாரு சொல்றது?

செல்வம்: நான் இல்ல

முருகேசு: நான் இல்ல

சரோ: இன்னொண்ணு. பாட்டி பீரோவுல பாச்சை உருண்டை இருக்கு. உடனே எடுங்க. யுவனுக்கு ஜி6பிடி குறைபாடா? அது ரத்த அணுவைக் காக்கிற ஒரு என்சைம். பிறந்தப்போ தொப்புள் கொடி ரத்தத்துல பாத்திருப்பாங்க, புக்குல இருக்கும். குறைபாடு உள்ள பிள்ளை அதை வாயில வச்சா ரத்த அணு உடையும், கண்ணு மஞ்சளாகும், மூத்திரம் கோப்பி நிறத்துல போகும். அதுக்குக் கிளினிக் கிடையாது, நேரா ஆஸ்பத்திரி. பட்டன் பேட்டரி, காந்தம் முழுங்கினாலும் அப்படித்தான், நேரம் பாக்காம ஓடணும். வாந்தி பச்சையா வந்தாலோ, வயிறு உப்பி மலம் போகலைன்னாலோ ராத்திரியானாலும் தூக்கிட்டுப் போ.

தேவி: புக்குல பாத்துட்டேன். ஜி6பிடி நார்மல்னு இருக்கு.

சரோ: நல்லது. உருண்டைய எடுத்துடு.

தேவி: திங்கக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். செவ்வாய் போகட்டுமா?

பவி: செவ்வாய்க்கிழமை போங்க, தள்ளிப் போடாதீங்க. அதுவரைக்கும் பாட்டி வீட்டுக்கு அனுப்பாதீங்க.

தேவி: நாளைக்கும் திங்களும் யாரு பாக்குறது?

ராஜி: நான் பாக்குறேன். ஆனா என் வீட்டுல டிவி ஓடும்.

முருகேசு: நாளைக்கு முன் ஹால் சுண்ணாம்பு மட்டும் சுரண்டுறேன். ஜன்னல் பிறகு. அப்பவும் ஏணி வேணும்.

ராஜி: வந்து எடுத்துக்குங்க. எங்க ஏணி.

செல்வம்: ஆடா கோழியா?

சரோ: செல்வம், ஃபோன் எடுக்கச் சொன்னேன்.