எடை ஏறினா ஹார்மோன் மேல பழி போடலாமா?

செவ்வாய்ப்பேட்டை வாசி

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு நோட்டீஸ் சுத்துது. "உங்கள் எடைக்குக் காரணம் சாப்பாடு அல்ல, ஹார்மோன் கோளாறும் உள் அழற்சியும்தான்"னு கொட்டை எழுத்துல தலைப்பு. கீழே 14 டெஸ்ட் அடங்கின பேக்கேஜ், கூடவே மூணு மாசத்துக்கு மஞ்சள்-மிளகு கேப்சூல். நோட்டீஸ் வியாபாரத்துக்கு அடிச்சதுதான். ஆனா தலைப்புல பாதி உண்மை இருக்குங்கறது என் கட்சி. மறுக்கறவங்க காரணத்தோட மறுங்க. "வாயைக் கட்டு"னு ஒத்தை வரியில எழுதிட்டுப் போகாதீங்க.

அரிசிப்பாளையம் உணவியல்

பாதி கூடத் தேறாதுங்க. தைராய்டையே எடுத்துக்குவோம், எல்லாரும் முதல்ல பழி போடறது அது மேலதான். நிஜமாவே சுரப்பு குறைஞ்சவங்களுக்கு அதனால ஏறும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ. அதுலயும் பெரும்பங்கு உப்பும் தண்ணியும். மாத்திரை அளவு சரியானதும் அது இறங்கிடும். 20 கிலோ கூடினவர் "தைராய்டு சார்"னா, மீதி 15 கிலோவுக்குக் கணக்கு வேற இடத்துல இருக்கு.

வெந்த சாதம் 100 கிராமுக்கு 130 கிலோ கலோரி. எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் 120. தட்டுவடை செட்டுல பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போட்டிருக்கேன்னு மனசைத் தேத்திக்கறோம். எடைக்குப் போறது மேலயும் கீழயும் இருக்கற பொரிச்ச தட்டை. நம்ம ஊர் ஜவ்வரிசி 100 கிராம்ல சுமார் 350 கிலோ கலோரி, புரதம் ஒரு கிராம்கூடக் கிடையாது. விரதத்துக்குக் கிச்சடி, சாயங்காலம் வடாம், ராத்திரி பாயசம்னு போனா எந்த ஹார்மோனைக் குத்தம் சொல்றது?

அஸ்தம்பட்டி எண்டோகிரைன்

மேடம், தைராய்டு கணக்கு சரி. அதை வெச்சு மொத்த ஹார்மோனையும் தள்ளுபடி பண்றதுதான் தப்பு. அந்தப் பாயசத்தைக் கேக்கற பசி எங்கிருந்து வருது?

1994-ல ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு லெப்டினைக் கண்டுபிடிச்சாங்க. கொழுப்பு செல்லே சுரந்து "இருப்பு போதும்"னு மூளைக்குச் சொல்ற ஹார்மோன். எடை குறைஞ்சா லெப்டின் விழும், வயித்துல சுரந்து பசியைத் தூண்டற கிரெலின் ஏறும். 2011-ல வந்த ஆஸ்திரேலிய ஆய்வுல, 10 வாரம் மிகக் குறைஞ்ச கலோரியில இருந்து எடை இறக்கினவங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சும் இந்த அளவுகள் பழைய நிலைக்கு வரலை. அமெரிக்க டிவி எடைக்குறைப்புப் போட்டியில கலந்துக்கிட்டவங்களை ஆறு வருஷம் கழிச்சு அளந்தப்ப, ஓய்வுல எரியற கலோரி எதிர்பார்த்ததைவிட நாளுக்கு 500 போல குறைவு. அந்த முடிவு வந்தது 2016-ல. இவங்ககிட்டப் போய் "இன்னும் கொஞ்சம் வாயைக் கட்டுங்க"ன்னு சொல்றது வைத்தியமா?

குடல் ஹார்மோன் மாதிரியே வேலை செஞ்சு பசியை அடக்கற செமாக்ளூடைடு ஊசியையும் பாருங்க. 68 வாரத்துல சராசரியா 15 சதவீதம் எடை இறங்குது. நிறுத்தினா, இறங்கினதுல மூணுல ரெண்டு பங்கு ஒரு வருஷத்துல திரும்புது. ஆள் அதே ஆள், மனவுறுதியும் அதே. மாறினது குடல் ஹார்மோன் சிக்னல் ஒண்ணுதான்.

அரிசிப்பாளையம் உணவியல்

அந்த ஊசி எடையைக் குறைக்கறதே சாப்பாட்டைக் குறைச்சுத்தானே டாக்டர்? நீங்க எனக்காக வாதாடறீங்க. ஹார்மோன் பசியை ஆட்டும், ஒத்துக்கறேன். நோட்டீஸ் சொல்றது "சாப்பாடு அல்ல". 2019-ல கெவின் ஹால் குழு 20 பேரை ஆய்வு வார்டுலயே தங்க வெச்சுப் பார்த்தாங்க. இஷ்டப்பட்ட அளவு சாப்பிடலாம்னு விட்டதுல, தொழிற்சாலைப் பாக்கெட் உணவு கொடுத்த ரெண்டு வாரத்துல நாளுக்கு 500 கிலோ கலோரி கூட உள்ள போச்சு, எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறுச்சு. அதே ஆளுங்களுக்குச் சமைச்ச உணவைக் கொடுத்தப்ப அந்த அளவுக்கு இறங்குச்சு. ஹார்மோனை மாத்தினதும் தட்டுதான்.

குகை மெடிக்கல்

ரெண்டு பேரும் மருந்து டப்பாவை மறந்துட்டீங்க. பிரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு, சர்க்கரைக்குப் போடற இன்சுலின், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன், மனநோய்க்கு ஓலன்சபைன், வலிப்புக்கு வால்ப்ரோயேட், மனச்சோர்வுக்கு மிர்டாசபைன் எல்லாம் எடை ஏத்தும். சில மாசத்துல திடீர்னு ஏறியிருந்தா முதல்ல கேட்க வேண்டியது "என்ன மாத்திரை போடறீங்க?"

இதைவிட மோசம், மூட்டு வலிக்குன்னு பேர் இல்லாம வர்ற பொட்டலம். ஸ்டீராய்டு கலந்திருந்தா ரெண்டு நாள்ல வலி பறந்துடும், அதுதான் அடையாளமே. அப்புறம் முகம் உருண்டு போகும், பிடரியில திமில் மாதிரி சதை கட்டும், கை கால் மெலியும், வயித்துல ஒரு சென்டிமீட்டருக்கு மேல அகலமா ஊதா நிற வரி விழும். விஷயம் தெரிஞ்சதும் பயந்து ஒரே நாள்ல நிறுத்தறதுதான் பெரிய ஆபத்து. வெளிய இருந்து ஸ்டீராய்டு வந்ததால, உடம்போட சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கற அட்ரினல் சுரப்பி தூங்கிக் கிடக்கும். வாந்தி, பிரஷர் இறக்கம், மயக்கம்னு போகும். டாக்டர் பார்த்து அளவைப் படிப்படியா இறக்கணும். பொட்டலத்தைத் தூக்கிப் போடாம கையோட கொண்டு போங்க.

நாலுரோடு லேப்

அந்த 14-ஐ நானும் பார்த்தேன். லெப்டின் டெஸ்ட் வீண் செலவு: எடை கூடினவங்களுக்கு அது கூடத்தான் இருக்கும், வைத்தியம் ஒண்ணும் மாறாது. நினைச்ச நேரத்துல எடுத்த கார்டிசோலும் (அட்ரினல் சுரக்கற ஸ்டீராய்டு ஹார்மோன்) அப்படித்தான், காலையில உச்சம், நடுராத்திரியில அடிமட்டம். மருந்துக்கடை நண்பர் சொன்ன அடையாளங்கள் இருந்தா ராத்திரி 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரை 1 மி.கி. போட்டு, மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம் கொடுக்கணும். கார்டிசோல் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்கு மேல நின்னா மேல்பரிசோதனை. கருத்தடை மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இது பொய்யா ஏறிக் காட்டும், முன்கூட்டியே சொல்லிடுங்க.

முடி கொட்டுதுன்னு பயோட்டின் வைட்டமின் 5, 10 மி.கி. மாத்திரை போடறவங்க ரெண்டு நாள் நிறுத்திட்டு வரணும். இல்லேன்னா சில மெஷின்ல தைராய்டைத் தூண்டற டி.எஸ்.ஹெச். பொய்யா குறையும், தைராய்டு ஹார்மோனான டி4 பொய்யா ஏறும், இல்லாத தைராய்டு வியாதி வந்துடும். வெறும் வயித்து இன்சுலினுக்கு எடுத்த மாதிரி சிவந்து போயிருந்தா, அதாவது ரத்த அணு உடைஞ்சிருந்தா, அளவு குறைச்சுக் காட்டும். அந்த ரிப்போர்ட்டை வெச்சு இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் இருந்தும் உடம்பு அதுக்கு மசியாதது) இல்லைன்னு நிம்மதியடைய வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை வாசி

சரி, அழற்சிக்கு வாங்க, அதாவது உடம்புக்குள்ள ஓடற இன்ஃப்ளமேஷன். கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். ஆல்பாங்கற அழற்சிப் பொருளைச் சுரக்குதுன்னு 1993-லயே ஹோட்டாமிஸ்லிகிலும் ஸ்பீகல்மேனும் எலியில காட்டினாங்க. அது இன்சுலின் வேலையைக் கெடுக்குது. எடை கூடினவங்களுக்கு, ரத்தத்துல அழற்சியைக் காட்டற சி.ஆர்.பி.யும் ஏறித்தான் இருக்கு. அப்போ அழற்சி காரணம் இல்லையா?

அரிசிப்பாளையம் உணவியல்

திசை தலைகீழுங்க. கொழுப்பு செல் உப்பும், மேக்ரோபேஜ்ங்கற எதிர்ப்பு அணுக்கள் வந்து குவியும், அங்க சுரக்கற ஐ.எல்.-6ங்கற அழற்சிப் பொருள் கல்லீரலைத் தட்டி சி.ஆர்.பி.யை ஏத்தும். எடை இறங்கினா சி.ஆர்.பி.யும் இறங்கும். டி.என்.எஃப்.புக்கு இன்னொரு பேர் கேகெக்டின், உடம்பை உருக்கறதுன்னு அர்த்தம். டி.பி. நோயாளி உடம்பு பூரா அழற்சி, அவர் குண்டாவா இருக்கார்? மூட்டுவாதத்துக்கு டி.என்.எஃப். தடுப்பு ஊசி போட்டா எடை இறங்கறதில்லை, கொஞ்சம் ஏறத்தான் செய்யுது. அழற்சியை அடக்கற கேனகினுமேப் ஊசி சி.ஆர்.பி.யை நல்லா இறக்குச்சு, மாரடைப்பையும் குறைச்சதுன்னு 2017-ல காட்டினாங்க. சர்க்கரை நோய் வராமத் தடுக்கலை.

அஸ்தம்பட்டி எண்டோகிரைன்

எடை அளவுல நீங்க சொல்றது நிக்கும். கொழுப்பு எங்க சேருதுங்கறதுல நிக்காது. பூனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல தங்களையே அளந்து போட்ட படம் இருக்கு: ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. (உயரத்தை வெச்சுப் போடற எடைக் கணக்கு) 22.3. யுட்கினுக்கு உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்ம ஆளுங்க ஒல்லியாத் தெரிஞ்சே தொப்பைக்குள்ள கொழுப்பை வெச்சிருக்காங்க. அழற்சிப் பொருள் அங்கிருந்து நேரா கல்லீரலுக்குப் போகுது, இன்சுலின் எதிர்ப்பு கூடுது. எடை மெஷின் இதைச் சொல்லாது, டேப் சொல்லும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்டு முடிச்சதும் அளக்கணும். பேன்ட் போடற இடத்துல அளந்தா தொப்பை தப்பிச்சுடும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80, அதுக்கு மேல போனா கவனிக்கணும்.

இளம்பிள்ளை தறி

ராத்திரி ஷிப்ட் ஓட்டற தறிக்காரங்களுக்கு இதுல என்னங்க பதில்?

அஸ்தம்பட்டி எண்டோகிரைன்

தூக்கம் பெரிய விஷயம் தம்பி. 2004 ஆய்வுல ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டதுல லெப்டின் 18 சதவீதம் விழுந்துச்சு, கிரெலின் 28 சதவீதம் ஏறுச்சு.

அரிசிப்பாளையம் உணவியல்

12 இளைஞர்கள், ரெண்டே ராத்திரி. அதை வெச்சு முழு வாழ்க்கையை விளக்காதீங்க. 2022-ல வந்தது இதைவிட உபயோகம்: ஆறரை மணி நேரத்துக்குக் கம்மியாத் தூங்கின, எடை கூடினவங்களைச் சுமார் 1.2 மணி நேரம் கூடத் தூங்க வெச்சதுல நாளுக்கு 270 கிலோ கலோரி குறைச்சுச் சாப்பிட்டாங்க. தறிக்கு வருவோம். பெரிய சாப்பாட்டை ஷிப்டுக்கு முன்னாடி முடிச்சுடுங்க. ராத்திரி 12-க்கு மேல பரோட்டாவை விட்டுட்டு அவிச்ச முட்டை, சுண்டல், மோர். டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா 40 கிலோ கலோரி. ஷிப்டுக்கு அஞ்சு டீ, 200. கடைசி டீ ரெண்டு மணிக்கு மேல வேண்டாம், இல்லேன்னா காலையில தூக்கம் பிடிக்காது.

செவ்வாய்ப்பேட்டை வாசி

பேக்கேஜ்ல எதை வெச்சுக்கலாம், எதை விடலாம்? அதைச் சொல்லுங்க.

நாலுரோடு லேப்

டி.எஸ்.ஹெச்., வெறும் வயித்துச் சர்க்கரை, மூணு மாசச் சராசரிச் சர்க்கரையைக் காட்டற ஹெச்.பி.ஏ.1.சி., கொழுப்புப் பரிசோதனை, கல்லீரலுக்கான எஸ்.ஜி.பி.டி. இந்த அஞ்சு போதும். மாதவிடாய் தள்ளிப் போற பெண்ணுக்கு பி.சி.ஓ.எஸ்.ங்கற சினைப்பைக் கோளாறுக்கான டெஸ்டுகள் தனி. ஹை சென்சிட்டிவ் சி.ஆர்.பி. 3-க்கு மேல இருந்தா இதய ஆபத்துக் கணக்குக்கு உதவும். 10-ஐத் தாண்டினா சளி, பல் சீழ் மாதிரி ஏதோ ஒண்ணு ஓடிட்டிருக்கலாம், ரெண்டு வாரம் விட்டு மறுபடி எடுங்க.

குகை மெடிக்கல்

கேப்சூலைப் பத்தி ரெண்டு வார்த்தை. ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள் 3 கிராம், அதுல மஞ்சளோட சத்தான கர்க்குமின் 3 சதவீதம்னா 90 மி.கி. கேப்சூல்ல 500 மி.கி., மிளகுச் சத்து சேர்ந்தா உடம்புல பல மடங்கு ஏறும். ரசத்துல போடற மஞ்சளும் ஏற்காட்டு மிளகும் வேற, இது வேற. இந்தக் கூட்டால கல்லீரல் பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கு. சிறுநீர் கருத்தாலோ கண் மஞ்சளானாலோ அன்னைக்கே நிறுத்துங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின், வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிடறவங்க தொடவே கூடாது.

தைராய்டு மாத்திரையைக் காபியோட விழுங்கறவங்களுக்கும் சொல்லிடறேன். எழுந்ததும் வெறும் தண்ணியில போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் டம்ளரைத் தொடணும். கால்சியம், இரும்பு மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி. அளவு மாத்தினா 6 முதல் 8 வாரம் கழிச்சுத்தான் டி.எஸ்.ஹெச். எடுக்கணும், அதுக்கு முன்னாடி எடுத்தா நம்பர் நிலைக்காது.

அரிசிப்பாளையம் உணவியல்

டி.எஸ்.ஹெச். 4.5-க்கும் 10-க்கும் நடுவுல, டி4 நார்மல்னு வந்தவங்க எடைக்காக மாத்திரை கேட்டு நிக்காதீங்க, அதுல எடை இறங்காது. தேவையில்லாமக் கூட்டிப் போட்டா நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும்.

அஸ்தம்பட்டி எண்டோகிரைன்

கர்ப்பத்துக்குத் தயாராகற பெண் அந்தக் கணக்குல வர மாட்டாங்க, மேடம். அவங்களை நேரா எங்ககிட்ட அனுப்புங்க.