சிறிய தாங்கி, உயர்ந்த கைபிடி: இந்த ட்ரயம்ப் அமெரிக்காவுக்குச் செய்ததா?

கொடிகாமத்தான்:
பெரியப்பாவின் வளவுக் கொட்டிலில் பல ஆண்டுகளாகத் தூங்கிய 650 சிசி ட்ரயம்ப் பொனவில் மோட்டார் சைக்கிள் ஒன்றை இப்போது துடைத்தெடுத்திருக்கிறேன். அதன் பெற்றோல் தாங்கி சிறியது. கைபிடியோ மிக உயரம். இவை பிற்காலத்தில் மாற்றப்பட்டவையா, அல்லது ஏற்றுமதிக்கென்றே அப்படிச் செய்தார்களா?

பழைய ஸ்பானர்:
தம்பி, இரண்டும் இருக்கலாம். 1959இல் வந்த பொனவில்லின் பெயரே அமெரிக்காவின் யூட்டா மாநில உப்புவெளியிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தச் சந்தைக்காகவே, இங்கிலாந்து வண்டியின் ஏறத்தாழ 18 லீற்றர்த் தாங்கிக்குப் பதிலாக அதில் பாதியளவே கொள்ளும் ஒடுங்கிய தாங்கியையும் உயர்ந்த கைபிடியையும் பொருத்தி அனுப்பினார்கள். ஆனால் தாங்கியைக் கழற்றி மாற்றுவது அரை மணிநேர வேலை என்பதால் அதை மட்டும் சாட்சியாகக் கொள்ளாதீர்கள். இடப்பக்கம், சிலிண்டருக்குக் கீழே பொறித்த இயந்திர இலக்கத்தைப் பாருங்கள். டி யூ (DU) என்ற எழுத்துகளில் தொடங்கினால் 1963க்கும் 1969க்கும் இடைப்பட்டது. சட்டக இலக்கமும் அதுவாகவே இருக்கவேண்டும்.

கொடிகாமத்தான்:
நன்றி அண்ணை. இரண்டும் ஒன்றே, டி யூ என்றுதான் தொடங்குகிறது. பற்றறி பூட்டலாமா?

கரையூர் வாசி:
பொறுங்கள்! லூக்கஸ் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் அக்கால மின்சுற்றில் பற்றறியின் நேர்முனையே சட்டகத்துடன் இணையும். இன்றைய வழக்கப்படி மாற்றிப் பூட்டினால் மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட்டு கருகிவிடும். நம்மூர் உப்புக்காற்றில் இணைப்புகளும் பச்சை பிடித்திருக்கும், முதலில் அவற்றைச் சுரண்டுங்கள். இரு பிஸ்டன்களும் ஒன்றாகவே ஏறி இறங்கும் இயந்திரம் என்பதால் அதிர்வும் அதிகம். ஆணிகளை அடிக்கடி இறுக்கவேண்டி வரும், அதற்கு மில்லிமீற்றர் ஸ்பானர் பொருந்தாது.